தமிழுக்கு விசை தந்த முத்தையா

ஓலையும் எழுத்தாணியும் கொண்டு வாழ்ந்த தமிழ், அச்சு வாகனம் ஏறியதில் இந்திய மொழிகளுக்கெல்லாம் முற்பட்டது. 1578-ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தால் நூல் அச்சிடப்பெற்றது. 1713-இல் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் நிலைபெற்றது. ஆயினும், அச்சிலே முந்திய அம்மொழி தட்டச்சிலே நெடுங்காலம் பிந்தியே நின்றது. அக்குறையை நீக்கத் தம் உழைப்பையும் அறிவையும் செலவிட்ட பெருமகனார் இராமலிங்கம் முத்தையா ஆவார். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அறிஞர் இவரைப் போற்றுவர்.

பிறப்பும் புறப்பாடும்

முத்தையா 1886-ஆம் ஆண்டில் ஈழத்தின் வடபால் உள்ள யாழ்ப்பாணத்தைச் சார்ந்த சுண்டிக்குளி என்னும் ஊரில் பிறந்தார். யாழ்ப்பாணம் கல்விக்குப் பேர்பெற்ற நிலம். ஆறுமுக நாவலர் பதிப்பித்த நூல்களும் அவர் நிறுவிய பாடசாலையும் அங்குத் தமிழையும் சைவத்தையும் வளர்த்தன. கிறித்தவ சங்கத்தார் நடத்திய பள்ளிகள் ஆங்கிலக் கல்வியைப் பரப்பின. இவ்விருவகைக் கல்வியும் ஒருங்கே வாய்த்த இளைஞர் பலர் அந்நாளில் கடல் கடந்து சென்று பொருளீட்டினர். மலேயா நாட்டில் இருப்புப்பாதைகள் இடப்பட்டுவந்த காலம் அது. புகைவண்டி நிலையங்களுக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் கணக்கும் ஆங்கிலமும் அறிந்த எழுத்தர் பலர் தேவைப்பட்டனர். அப்பணிகளை நாடி யாழ்ப்பாணத்தார் திரள்திரளாகக் கப்பலேறினர்.

முத்தையாவும் தம் இளமையில் அவ்வழியே மலேயா சென்றார். பின்னர்ச் சிங்கப்பூரை அடைந்தார். அங்கே ஆங்கிலேயர் நடத்திய வணிக நிலையம் ஒன்றில் அமர்ந்து, தம் திறமையால் தலைமை எழுத்தர் என்னும் நிலைக்கு உயர்ந்தார். கீழ்த்திசை வாணிகத்தின் வாயிலாக விளங்கிய நகரம் சிங்கப்பூர். அங்கு ஒரு வணிக நிலையத்தின் எழுத்தர்க்குக் கடிதங்களே நாள்தோறும் கையாளும் பொருள். விலை வினவும் கடிதம், சரக்கு வந்தமை கூறும் கடிதம், கடனைக் கேட்கும் கடிதம் என அனைத்தும் ஆங்கிலத் தட்டச்சுப்பொறியில் நொடிப்பொழுதில் உருவாயின. படியெடுக்கும் மைத்தாளை இடையே வைத்தால் ஒரே முயற்சியில் இரண்டு மூன்று படிகளும் கிடைத்தன. தமிழ்க் கடிதமோ கையாலேயே எழுதப்பட வேண்டியிருந்தது. படி வேண்டின் மீண்டும் ஒருமுறை எழுதவேண்டும். எழுதியவர் கையெழுத்து நன்றாயிராவிடின் படிப்பவர் இடர்ப்படுவர். ஆங்கிலத்திற்கு வாய்த்த இவ்வசதி தமிழுக்கும் வாய்த்தல் வேண்டும் என்னும் எண்ணம் முத்தையாவின் உள்ளத்தில் வேரூன்றியது.

பொறியின் இயல்பு

முத்தையா எதிர்கொண்ட இடர்ப்பாட்டை அறிதற்குத் தட்டச்சுப்பொறி இயங்கும் முறையைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். அமெரிக்க நாட்டுக் கிறிஸ்டபர் லேதம் ஷோல்ஸ் என்பாரும் அவர்தம் நண்பரும் 1868-இல் தட்டச்சுப்பொறிக்குக் காப்புரிமை பெற்றனர். ரெமிங்டன் நிறுவனத்தார் 1874-இல் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 1878-இல் வெளிவந்த பொறியில், ஒரே விசையால் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அடிக்கும் மாற்று விசை அமைந்தது.

பொறியில் ஒவ்வொரு விசையும் ஒரு கோலோடு பிணைக்கப்பட்டிருக்கும். கோலின் நுனியில் எழுத்துருக்கள் இரண்டு பொறிக்கப்பட்டிருக்கும். விரலால் விசையை அழுத்தினால் கோல் எழுந்து மைநாடாவை அடிக்கும்; நாடாவின் பின்னுள்ள தாளில் எழுத்துப் பதியும். விரலை எடுத்தவுடன், தாளைச் சுற்றிய உருளையைத் தாங்கும் வண்டி, பற்சக்கரத்தின் ஒரு பல் நெகிழ்தலால், ஓர் எழுத்தின் அளவு இடப்புறம் நகரும். அடுத்த எழுத்து விழுதற்கு வெற்றிடம் உண்டாகும். அடித்தலும் நகர்தலும் ஒன்றையொன்று விடாது தொடர்தலே இப்பொறியின் உயிர்நிலையாகும்.

இத்தகைய பொறியில் விசைகள் ஏறத்தாழ நாற்பத்தாறுக்கு மேல் இருத்தல் அரிது. விசைகள் மிகுந்தால் கோல்கள் ஒன்றோடொன்று சிக்கும், விரல்களும் எட்டமாட்டா. ஒரு விசைக்கு இரண்டு உரு எனக் கொண்டால் தொண்ணூற்றிரண்டு உருக்களே அமையும். அவற்றுள்ளேயே எண்களும் நிறுத்தக் குறிகளும் அடங்கவேண்டும். இருபத்தாறு எழுத்துகளே உடைய ஆங்கிலத்திற்கு இஃது எளிது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை உடைய தமிழுக்கு என் செய்வது?

அச்சுக்கூடத்தில் இவ்விடர் இல்லை. அங்கே எழுத்துக் கோப்பவர் முன் அறைகள் பல கொண்ட பெட்டி இருக்கும். எழுத்து எத்துணை வேண்டுமோ அத்துணை அறைகளை வைத்துக்கொள்ளலாம். தமிழ் அச்சில் முந்தித் தட்டச்சில் பிந்தியதற்குக் காரணம் இதுவேயாகும்.

எழுத்துகளைப் பகுத்த திறம்

தமிழ் நெடுங்கணக்கை ஆராய்வார்க்கு ஓர் உண்மை புலப்படும். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று என நாம் எண்ணுகின்றோம். கண்ணால் காணும் வடிவங்களோ அத்துணை அல்ல. ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ என்னும் ஏழு உயிர்கள் ஏறிய உயிர்மெய்கள் நூற்றிருபத்தாறு. இவற்றை எழுதுதற்குக் காலும், ஒற்றைக்கொம்பும், இரட்டைக்கொம்பும், ஐகாரக் குறியும் ஆகிய நான்கு குறிகள் போதும். ஔகார வரிசைக்கு ளகர வடிவம் உதவும். இக்குறிகள் எழுத்தின் முன்னும் பின்னும் தனித்து நிற்பன. ஆதலின், கொம்பை அடித்து, ககரத்தை அடித்து, காலை அடித்தால் கொ என்பது தானே உருவாகும். நூற்றிருபத்தாறு எழுத்துகள் நான்கு குறிகளுள் அடங்கிவிட்டன.

இடர்ப்பாடு எஞ்சிய எழுத்துகளிலேயே இருந்தது. உகர ஊகார வரிசைகளில் வடிவம் எழுத்துக்கு எழுத்து வேறுபடும். கு, சு, டு, மு என்பன ஒன்றுபோல் ஒன்று அமைந்தன அல்ல. நு என்பதனோடு வாலைச் சேர்த்தால் நூ ஆதல்போலச் சிலவற்றைச் சேர்த்து அமைக்கலாம்; கூ, மூ முதலியன தனி வடிவம் வேண்டுவன. எனவே இவ்வரிசைகளுக்குத் தனி உருக்கள் பல ஒதுக்கியே ஆகவேண்டும்.

இகர ஈகார வரிசைகளும் மெய்யெழுத்துகளும் வேறோர் இடரை விளைத்தன. இகரத்தின் விசிறி எழுத்தின் பக்கத்தில் தனித்து நிற்பதன்று. எழுத்தின் தலையிலோ தோளிலோ ஒட்டி நிற்பது. மெய்யின் புள்ளியும் எழுத்தின் மேலே நிற்பது. விசிறியை அடித்தால் வண்டி நகர்ந்துவிடும். பின்னர் அடிக்கும் ககரம் விலகி விழும். ஆகவே கி, கீ, க் என மூன்று வரிசைகளுக்கும் எழுத்துதோறும் தனித்தனி உரு வேண்டும்போல் தோன்றியது. மூன்று வரிசைகளுக்கும் பதினெட்டுப் பதினெட்டாக ஐம்பத்துநான்கு உருக்கள் ஆகின்றன. அத்துணைக்கும் பொறியில் இடம் ஏது?

இவற்றிற்கு மேலாக, அந்நாளில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகள் இன்று நாம் எழுதும் வடிவில் இல்லை. சுழியும் துதிக்கையும் பெற்ற தனி வடிவங்களாய் இருந்தன. அவை 1978-ஆம் ஆண்டில் தமிழக அரசின் ஆணையால் சீர்பெற்றன. அச்சீர்திருத்தம் வருமுன் பொறி அமைக்க முற்பட்டவர்க்கு அப்பதின்மூன்றும் பெருஞ்சுமையேயாகும்.

நகரா விசை

இவ்விடத்தேதான் முத்தையாவின் நுண்ணறிவு விளங்கியது. தமிழ் எழுத்தைக் குறைத்தல் வேண்டும் என்றோ, புள்ளியையும் விசிறியையும் விட்டுவிடலாம் என்றோ அவர் கருதவில்லை. மொழியின் வடிவத்திற்கு ஏற்பப் பொறியின் இயக்கத்தை மாற்றுதல் இயலுமா என்று ஆராய்ந்தார். அதன் பயனாகத் தமிழ்ப் பொறியில் அமைந்ததே நகரா விசை.

நகரா விசை என்பது அழுத்தினால் எழுத்தைப் பதிக்கும். ஆனால் வண்டியை நகர்த்தாது. பற்சக்கரத்தை நெகிழ்விக்கும் உறுப்போடு அவ்விசைக்குத் தொடர்பு இராது. ஆகவே முதலில் விசிறியை அடித்தால் அது தாளில் பதியும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்து ககரத்தை அடித்தால் அதே இடத்தில் அது விழுந்து, முன்விழுந்த விசிறியோடு பொருந்திக் கி ஆகும். அதன் பின்னரே வண்டி நகரும். புள்ளியும் இங்ஙனமே. ஐம்பத்துநான்கு உருக்கள் வேண்டியிருந்த இடத்தில், இகர விசிறி, ஈகார விசிறி, புள்ளி ஆகிய மூன்று நகரா விசைகள் பெரும்பாலான வேலையைச் செய்தன. விசிறி வேறுவகையாக ஒட்டும் டி, டீ போன்ற சிலவற்றுக்கே தனி உரு வேண்டியிருந்தது.

எழுத்தின் மேல் குறியிட்டு எழுதும் பிரெஞ்சு முதலிய ஐரோப்பிய மொழிகளின் பொறிகளிலும் இத்தகைய விசை ஒன்றிரண்டு உண்டு. அங்கே அஃது ஒரோவழி வேண்டப்படுவது. தமிழிலோ, சொல்தோறும் புள்ளியெழுத்து வரும். விசிறியெழுத்தும் அடிக்கடி வரும். எனவே அருகிப் பயன்பட்ட அமைப்பைத் தமிழ்ப் பொறியின் அடிப்படையாகவே ஆக்கிய திறம் முத்தையாவினுடையது.

இம்முறையில் ஒரு சிறு தொல்லையும் உண்டு. கையால் எழுதுங்கால் எழுத்தை எழுதிய பின்னரே புள்ளி வைக்கின்றோம். பொறியிலோ புள்ளியை முன்னரும் எழுத்தைப் பின்னரும் அடிக்கவேண்டும். பயில்வோர் முதற்கண் இதனால் தடுமாறுவர். சின்னாட் பயிற்சியால் விரல் அதற்குப் பழகிவிடும். மேலும், ரகரம் குறுகியது. ணகரமும் ஞகரமும் அகன்றவை. பொறி எல்லாவற்றிற்கும் ஒரே அளவு இடமே தரும். ஆதலின் அகன்ற எழுத்துகளை ஒடுக்கியும் குறுகிய எழுத்துகளை விரித்தும் உருச் செய்ய வேண்டியிருந்தது. எந்த எழுத்து மிகுதியாக வருகின்றது, எந்த விரல் வலியது என்பவற்றையும் நோக்கி விசைகளை வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. இவையனைத்தும் பொறுமையும் நுணுக்கமும் வேண்டும் பணிகள்.

செருமனியில் உருப்பெற்ற பொறி

வரைபடத்தில் கண்டதை இரும்பில் காணல் எளிதன்று. அதற்கு வேண்டிய தொழிற்சாலை அந்நாளில் சிங்கப்பூரிலும் இல்லை, தமிழகத்திலும் இல்லை. செருமனி நாட்டு டிரெஸ்டன் நகரில் சைடல் நௌமான் என்னும் நிறுவனம் இருந்தது. 1868-இல் தோன்றிய அந்நிறுவனம் தையற்பொறியும் மிதிவண்டியும் செய்து பெயர்பெற்றது. பின்னர் ஐடியல் என்னும் பெரிய தட்டச்சுப்பொறியையும், எடுத்துச் செல்லத்தக்க எரிக்கா என்னும் சிறிய பொறியையும் செய்துவந்தது. முதல் உலகப் போருக்குப் பின்னர், முத்தையாவின் அமைப்பின்படி தமிழ்ப் பொறிகள் அந்நிறுவனத்தில் உருவாயின. தமிழ் அறியாத தொழிலாளர் கையில் தமிழ் எழுத்துகள் உருப்பெற்றுக் கடல் கடந்து தமிழரை வந்தடைந்தன.

1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பிரித்தானிய ஆட்சியில் இருந்த நாடுகளுக்கும் செருமனிக்கும் இடையே வாணிகம் அற்றது. 1945-இல் டிரெஸ்டன் நகரம் வான்வழித் தாக்குதலால் பெரும்பகுதி அழிந்தது. ஆயினும் முத்தையா தந்த நகரா விசை முறை அழியவில்லை. விசையமைப்பு ஒருமுறை வகுக்கப்பட்டுவிட்டபடியால், எந்நாட்டாரும் அதனைக் கொண்டு தமிழ்ப் பொறி செய்தல் இயலுவதாயிற்று.

அலுவலகத்தில் ஏறிய தமிழ்

இப்பொறியின் அருமை, தமிழ் ஆட்சிமொழியான காலத்தில் நன்கு விளங்கியது. 1956-ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறியது. சட்டம் இயற்றியதோடு ஒரு மொழி அலுவலகத்தில் ஏறிவிடாது. ஆணைகளையும் குறிப்புகளையும் விரைந்து எழுதிப் படியெடுக்கக் கருவி வேண்டும். தமிழ்த் தட்டச்சுப்பொறி இல்லையாயின், தமிழ் மேடையில் முழங்க, கோப்புகளில் ஆங்கிலமே நிலைத்திருக்கும். பொறி இருந்தமையால் எழுத்தர் பல்லாயிரவர் தமிழ்த் தட்டச்சுப் பயின்றனர். அரசினர் நடத்தும் இளநிலை, முதுநிலைத் தேர்வுகள் அவர்க்கு வேலை பெறும் வாயிலாயின.

முத்தையா சிங்கப்பூரில் கண்ட நிலை தமிழகத்து வணிக ஊர்களிலும் இருந்தது. பாலாற்றை அடுத்த மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் சிறந்தவை. இங்குப் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக அயல்நாடுகளுக்குச் செல்லும். அயல்நாட்டு வணிகர்க்குச் செல்லும் கடிதம் ஆங்கிலப் பொறியில் உருவாகும். மேல்விஷாரத்தில் 1965-ஆம் ஆண்டில் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி தோன்றியது. தொழில்வளம் கல்விவளமாக மாறிய இத்தகைய ஊர்களில், தட்டச்சுக் கற்றலை ஏழை மாணவர்க்கும் பிழைப்பு தரும் கைத்தொழிலாகப் பெற்றோர் கருதினர். பொறியின் ஓசை கேட்கும் பயிற்சி நிலையங்கள் தமிழகத்தின் சிற்றூர்களிலும் பெருகின.

இன்றைய விசைப்பலகை

இன்று தட்டச்சுப்பொறி அலுவலகங்களில் அருகிவிட்டது. கணினி அதன் இடத்தைப் பெற்றுள்ளது. ஆயினும் விசையும் விரலும் மாறவில்லை. முத்தையா எண்ணிய வினாக்களே நமக்கும் உரியன: எந்த எழுத்து எங்கே அமைதல் வேண்டும்? விசை எவ்வாறு இயங்குதல் வேண்டும்?

முதல் வினாவிற்கு விடையாக, 1999-இல் தமிழக அரசு தமிழ்99 என்னும் விசையமைப்பை ஏற்றது. இதில் உயிர்கள் இடக்கைப்புறமும் மெய்கள் வலக்கைப்புறமும் அமைந்துள்ளன. உயிரும் மெய்யும் ஆய்தமுமாகிய முப்பத்தொரு விசைகளைக் கொண்டு இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் பெறலாம். உயிர்மெய்யைச் சேர்க்கும் வேலையைக் கணினியே செய்துவிடும். தட்டச்சுப்பொறியில் பயின்றவர் தம் பழைய அமைப்பையும் கணினியில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் வினாவிற்கு விடை விசையின் உள்ளமைப்பில் உள்ளது. விலை குறைந்த விசைப்பலகைகளில் ஒவ்வொரு விசையின் கீழும் இரப்பர்க் குமிழ் ஒன்று இருக்கும். அஃது அழுந்தி, கீழுள்ள மெல்லிய தகடுகளைத் தொடச்செய்யும்போது மின்தொடர்பு உண்டாகும். இவ்வகை ஓசை குறைந்தது. ஆனால் விசையை அடிவரை அழுத்த வேண்டும். நாளடைவில் குமிழ் தளரும். மடிக்கணினியில், கத்தரிக்கோல்போல் குறுக்கிட்ட இரு தண்டுகள் விசையைத் தாங்கும், ஆழம் குறைவு. மூன்றாம் வகையில், விசைதோறும் சுருள்வில்லும் உலோகத் தொடுமுனையும் கொண்ட தனிப்பொறி உண்டு. இவ்வகைக்குப் பேர்பெற்றது செர்ரி நிறுவனத்தார் 1980-களில் வெளியிட்ட எம்.எக்ஸ். என்னும் விசைப்பொறி. இதில் விசை நான்கு மில்லிமீட்டர் அளவு கீழிறங்கும். பாதி இறங்கும்போதே எழுத்துத் தோன்றிவிடும். ஆதலின் அடிவரை ஓங்கி அடிக்கவேண்டுவதில்லை.

இம்மூன்றாம் வகையும் முத்திறப்படும். தடையின்றி வழுக்கி இறங்குவது ஒன்று. அதனைச் சிவப்பு நிறத்தால் குறிப்பர். எழுத்துத் தோன்றும் இடத்தில் விரலுக்கு ஒரு மேடுபோல் உணர்த்துவது மற்றொன்று, அது பழுப்பு. உணர்த்துவதோடு ஓசையும் எழுப்புவது இன்னொன்று, அது நீலம். தட்டச்சுப்பொறியில் பழகிய விரலுக்கு நீலம் இனிக்கும். பலர் கூடிப் பணிசெய்யும் அறையிலும் நூலகத்திலும் அது பிறர்க்கு இடையூறாகும். அங்கே பழுப்போ இரப்பர்க் குமிழோ ஏற்றது. நாள்முழுதும் தமிழில் உள்ளிடுவோர் விசையின் விறைப்பு தம் விரலுக்கு ஒத்ததா, பழுதான விசையை மட்டும் மாற்ற இயலுமா என்று ஆராய்ந்து கொள்ளல் வேண்டும். சில நாழிகையே பயன்படுத்துவோர் மிகுபொருள் செலவிட வேண்டுவதில்லை. பளபளப்பையும் வண்ண விளக்கையும் கண்டு மயங்குதல் ஆகாது.

உழைப்பின் பயன்

முத்தையா ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். பொறியியல் தொழிற்சாலைக்கு உரியவரும் அல்லர். வயிற்றுப்பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்ற எழுத்தர். தம் மேசையின்மேல் இருந்த ஆங்கிலப் பொறியை வெறும் பணிக்கருவியாகக் கண்டு அவர் அமைந்துவிடவில்லை. தம் தாய்மொழிக்கு அதில் இடமில்லாமையைக் கண்டார். எழுத்துகளை எண்ணினார், வடிவங்களைப் பகுத்தார், எது நகர்தல் வேண்டும், எது நிற்றல் வேண்டும் என்று ஆராய்ந்து முடிவு கண்டார். அவர் செயலால் தமிழ் தன் புள்ளியையும் விசிறியையும் இழவாமலே பொறியில் ஏறிற்று.

மொழிப்பற்று உடையோம் என்று கூறுவார் பலர். அப்பற்று ஒரு பயனுள்ள செயலாக மலர்தல் வேண்டும். கணினியின் விசையை அழுத்தித் தமிழ் எழுத்தைத் திரையில் காணும் மாணவர் ஒவ்வொருவரும், அவ்வழியை முதலில் திறந்த யாழ்ப்பாணத்து எழுத்தரை நன்றியோடு நினைத்தல் கடனாகும். அவர்போல், தாம் செய்யும் தொழிலிலேயே தமிழுக்குள்ள குறையைக் கண்டு, அதனை நீக்க முயலுதல் அந்நன்றியினும் சிறந்த கடனாகும்.